பிந்துவது உங்கள் கையா, கம்ப்யூட்டரா?

டிரம்ஸ், தபேலா, மிருதங்கம் என எதை வாசிப்பவராக இருந்தாலும், வீட்டுக் கம்ப்யூட்டரை நல்ல பயிற்சித் துணையாக மாற்றிக் கொள்ளலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர், ஒரு மைக், வயர் உள்ள ஹெட்போன் போதும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி காதுக்கு வந்து சேரவே கூடுதல் நேரமாகும். ஸ்பீக்கரும் வேண்டாம், தாளச் சத்தம் மைக்கில் புகுந்து விடும்.

ஆடாசிட்டியின் 3-ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றிருக்கும். நான் 60 தான் வைப்பேன். அப்போது விநாடிக்கு ஓர் அடி விழும். மேலே உள்ள அளவுகோலில் 1, 2, 3 என்ற கோடுகளே தாளமாகி விடும். ஒரு சுற்றுக்கு 4 அடி என்பதை, ஆதி தாளம் பழகுபவர்கள் 8 ஆக்கிக் கொள்ளலாம்.

உடனே வாசிக்கக் கை பரபரக்கும். சற்றுப் பொறுங்கள். ஒலியை வெளியே அனுப்பவும், மைக்கில் வருவதை வாங்கவும் கம்ப்யூட்டர் சிறிது நேரம் எடுத்துக் கொள்கிறது. இதைச் சரி செய்யாவிட்டால், ஒழுங்காகத் தட்டுபவருக்கும் கை பிந்துவதாகத் திரை காட்டும். அதை நம்பி அவசரப்படப் பழகினால், மேடையில் பாடுபவரை விட்டு முன்னால் ஓடுவீர்கள்.

சோதனை எளிது. ஹெட்போனை மைக்கின் மேல் வையுங்கள். ஹோம் கீயை அழுத்திவிட்டு, ஷிப்ட் + ஆர் அழுத்துங்கள். பத்து விநாடி கழித்து ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். புதிய டிராக்கில் அந்தத் தாளச் சத்தமே பதிவாகியிருக்கும். கண்ட்ரோல் + 1 மூலம் பெரிதாக்கி, ஓர் அடி தொடங்கும் இடத்தில் கிளிக் செய்தால் கீழே நேரம் தெரியும். 3.000 என்று வர வேண்டியது 3.040 என்றால் 40 மில்லி விநாடி தாமதம். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், ஆடியோ செட்டிங்ஸ் சென்று லேட்டன்சி காம்பன்சேஷனைப் பாருங்கள். வழக்கமாக -130 இருக்கும். அதை -170 ஆக்குங்கள். அடி 30 மில்லி விநாடி முந்தி விழுந்திருந்தால் -100 போதும். மறுபடி சோதித்து உறுதி செய்யுங்கள்.

இனி வாசிக்கலாம். ஒலி அளவு -6 டெசிபலைத் தாண்டாதபடி மைக்கைத் தள்ளி வையுங்கள். சத்தம் விட்டு விட்டுப் பதிவானால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை நிறுத்திப் பாருங்கள். முழக்கத்தை இரைச்சல் என்று எண்ணி அது வெட்டக் கூடும்.

எல்லா அடியும் ஒரே சீராக 15 மில்லி விநாடி பிந்தினால் நான் கவலைப்பட மாட்டேன். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி அலைவதுதான் கவனிக்க வேண்டியது. வேகமான உருட்டலுக்கு அடுத்து வரும் அடியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கை முந்தும். 60 மெதுவானது, சுலபம் என்றும் எண்ண வேண்டாம். அடிகளுக்கு நடுவே இடைவெளி கூடுதல் என்பதால், அவசரக் கை இங்கேதான் மாட்டிக் கொள்ளும்.

மைக்கையோ ஹெட்போனையோ மாற்றினால், தாமதச் சோதனையை மீண்டும் ஒரு முறை செய்து விடுங்கள்.