பசுமைப் பொருளாதாரமும் நமது கடைச் சிப்பந்திகளும்



'பசுமைப் பொருளாதாரம்' என்ற சொல் நமது மாவட்டத்தில் இப்போது அதிகம் அடிபடுகிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. அங்கெல்லாம் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. உண்டு, பாலிடெக்னிக் உண்டு. நல்லதுதான். ஆனால் நமது கடையில் எடை போடுகிற பையனுக்கு யார் பயிற்சி கொடுப்பது? 2019 ஜனவரி 1 முதல் அவனுடைய வேலையும் மாறிவிட்டது என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

முதலில் முதலாளிகளாகிய நாமே தெளிவாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று. மத்திய அரசு விதிப்படி, 2022 டிசம்பர் 31 முதல் பிளாஸ்டிக் கைப்பை 120 மைக்ரான் கனத்துக்குக் குறையக் கூடாது. இதைக் காட்டி, "கனமான பை, பில் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று சரக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு செல்லாது. நமது மாநில ஆணை தடுத்துள்ள 14 வகைகளில், எந்தக் கனமானாலும் பிளாஸ்டிக் கைப்பை அடங்கும். துணிபோலத் தோன்றும் 'நான்-ஓவன்' பையும் அதில் சேர்த்திதான். 2019-ல் அரசு நிர்ணயித்த அபராதம், மளிகைக் கடைக்கு முதல் தடவை ரூ.1,000, மூன்றாம் தடவை ரூ.5,000. கிடங்கில் வைத்து விநியோகிப்பவருக்கு முதல் தடவையே ரூ.25,000. கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் இது தெரிந்தால் போதாது. பையை எடுத்து நீட்டுவது பையன்தானே!

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். தடை வந்த அந்தப் பொங்கல் வியாபாரத்துக்குப் பழுப்புத் தாளும் நூல்கண்டும் வாங்கி அடுக்கிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தோம். முதல் நாள் காலையிலேயே கால் கிலோ துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டத் தெரியாமல் பையன்கள் விழித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பிறந்ததே கவர் வந்த பிறகு. ஓர் அம்மாள் படியிறங்குவதற்குள் பொட்டலம் அவிழ்ந்து சீரகம் அவ்வளவும் தெருவில். கூட்டம் தேங்கியது. காத்திருந்தவர்களில் சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் இரண்டு வீட்டார் இன்றுவரை திரும்பவில்லை.

எங்களிடம் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அண்ணாச்சியை வீட்டிலிருந்து அழைத்து வந்து, பத்து நாள் சம்பளம் பேசி உட்கார வைத்தோம். அவர் பருப்பைத் தொடவிடவில்லை. ஒரு வாளி மணலைக் கொண்டு வரச் சொன்னார். "பருப்பிலே படிச்சா மொதலாளிக்கு நஷ்டம், மணல்லே படிச்சா தரையைப் பெருக்குனாப் போதும்" என்றார். தாளைக் கூம்பாகச் சுருட்டி நுனியை முறுக்கி உள்ளே மடிப்பது, சரக்கைப் போட்டதும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி அதை உட்கார வைப்பது, பிறகே வாயை மடிப்பது, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி ஓர் இழுப்பில் அவிழும்படி சுருக்குப் போடுவது. கசகசா, சீரகத்துக்கு இரட்டைத் தாள். நான்காம் நாள் பையன்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணாச்சியின் பாடத்தை மாற்ற வேண்டும். அவர் காலத்தில் பழைய செய்தித்தாள்தான் பொட்டலத் தாள். அச்சு மையிலுள்ள ஈயம் முதலியவை உணவில் சேரும் என்பதால், அதில் தின்பண்டம் மடிக்க வேண்டாமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் மறுபடியும் எச்சரித்திருக்கிறது. அச்சில்லாத தாள்தான் வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், வேறு வழியில்லை.

எடை விஷயம் இன்னும் முக்கியம். மெல்லிய கவரின் எடை கண்ணுக்குத் தெரியாது. பழுப்புத் தாள் அப்படியல்ல. அதைச் சரக்கோடு சேர்த்து நிறுத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம், நமக்குக் கெட்ட பெயர். வெறும் தாளைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யத்தை எதிரே நிற்பவருக்குக் காட்டிய பிறகே சரக்கைப் போடப் பழக்குங்கள். எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டு வருபவர்களுக்கும் இதே முறைதான். "பை கொண்டாந்திருக்கீங்களா அக்கா?" என்று நிறுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். நிறுத்த பிறகு கேட்டால் சண்டைதான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. அத்தனை தண்ணீரை எந்த வாய்க்காலும் தாங்காது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்தபின் வாய்க்கால் கரை உடைமரங்களில் தொங்கிய பைகளைப் பார்த்தோம். கடைப் பெயர் அச்சிட்டவையும் இருந்தன. எங்கள் கடைப் பெயரும் இருந்தது. தடைக்கு முன்னால் நாங்கள் அடித்த பை, எழுத்துக்கூட மங்கவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது மண்பாண்டங்களில் நெல் உமி கிடைத்ததாகப் படிக்கிறோம். அந்த முன்னோர் வைத்துப்போனது அது. நாம் வைத்துப்போவது எது என்று அன்றைக்கு உடைமரத்தடியில் நிற்கையில் வெட்கமாக இருந்தது.

கருப்பட்டிக்கு மட்டும் பனையோலைக் கொட்டானை விட்டால் வேறு தோதில்லை. தாளில் கசிந்து ஒட்டும். ஓலை முடைகிற பெண்கள் மணப்பாட்டிலும் சுற்றூர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் கைகள் குறைந்து வருகின்றன. கடைசி நேரத்தில் நூறு கொட்டான் கேட்டால் கிடைக்காது. பொங்கலுக்கு வேண்டுமானால் ஐப்பசியிலேயே அளவைச் சொல்லி, பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்து வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.