வாசிக்க இயலாத வட்டு

ஏடும் எழுத்தாணியும் வழங்கிய காலத்திலே ஒரு நூல் அழிவதற்குரிய காரணங்கள் கண்கூடானவை. செல் அரித்தது, நீர் நனைத்தது, நெருப்பு உண்டது, பேணுவாரின்றி நொறுங்கியது. ஆயினும் அழிவுக்குத் தப்பிய ஏட்டை எழுத்தறிந்த எவரும் கையிலெடுத்து வாசித்தல் கூடும். அதற்குக் கண்ணும் கல்வியுமே வேண்டப்பட்டன. வேறொரு பொறி வேண்டப்படவில்லை. கணினி தோன்றிய பின்னரோ நிலைமை வேறாயிற்று. எழுத்து முழுவதும் சிதைவின்றி இருக்க, அதனை வாசிக்கும் பொறி மறைந்தமையால் நூலும் மறைந்துபோதல் நம் காலத்துப் புதுமையாகும்.

1970களின் பிற்பகுதி தொடக்கம் 1990கள் வரையில் வீடுகளிலே புழங்கிய கணினிகள் தம் கோப்புகளை நெகிழ்வட்டு எனப்படும் காந்தத் தகட்டிலே பதிந்து வைத்தன. ஆனால், ஓரினக் கணினி எழுதிய வட்டினைப் பிறிதோரினக் கணினி பெரும்பாலும் வாசிக்கமாட்டாது. இவ்வேற்றுமை எதனால் உண்டாயிற்று, அதனைக் கடந்து கோப்புகளைக் கொண்டுசெல்லும் வழிகள் யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். முடிபினை முதலிலேயே கூறிவிடுதல் நலம்: வாசிக்க இயலாத வட்டு வெறும் வட்டு அன்று. இவ்வுண்மையை மறந்தவர் கையிலே, காலம் அழிக்காத எழுத்தும் ஒரு நொடியில் அழிந்துவிடும்.

வட்டின் அமைப்பு

நெகிழ்வட்டு என்பது மெல்லிய பிளாத்திக்குத் தகட்டின்மேற் காந்தப் பொருள் பூசப்பெற்றது. செலுத்தியினுள்ளே அது சுழலும்போது, எழுதவும் வாசிக்கவும் வல்ல தலை ஒன்று அதன்மீது பொருந்தி நிற்கும். தலை ஓரிடத்தில் நிற்க வட்டுச் சுழல்வதால் உண்டாகும் வளையம் தடம் எனப்படும். தலை சிறிது சிறிதாக உள்நோக்கி நகர, ஒருமைய வளையங்கள் பல அமையும். ஒவ்வொரு தடமும் பல துண்டங்களாக வகுக்கப்படும். கேத்திரகணிதம் பயில்வோர் ஆரைச்சிறையை நினைந்துகொண்டால் இத்துண்டங்களின் வடிவு எளிதில் விளங்கும்.

அங்கே எழுத்து என்று ஒன்றும் இல்லை. காந்தத்தின் திசை மாறும் இடங்களே உள்ளன. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே கழியும் நேரமே செய்தியைச் சுமக்கின்றது. அந்நேரத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்பது அவ்வக் கணினியை ஆக்கியோர் வகுத்த விதி. விதி வேறானால் வாசிப்பு இல்லை.

வேற்றுமைகள் நான்கு

முதலாவது வேற்றுமை பருமன் பற்றியது. 5¼ அங்குல வட்டு 3½ அங்குலச் செலுத்தியிற் புகாது. இது சிறுவருக்கும் விளங்குவதாகலின் விரிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, பதியும் முறை பற்றியது. 1978இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தாரின் வட்டுச் செலுத்தி ஒரு பக்கத்திலே 35 தடங்களை எழுதியது. 1980 தொடக்கம் ஒரு தடத்துக்கு 16 துண்டங்கள், துண்டமொன்றுக்கு 256 பைற்றுகள் என வகுத்து, 140 கிலோபைற்றுகளைக் கொண்டது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் துண்டம் 512 பைற்றுகள் உடையது. 1983 முதல் அது பக்கமொன்றுக்கு 40 தடங்களும் தடமொன்றுக்கு 9 துண்டங்களுமாக இருபக்கத்தும் 360 கிலோபைற்றுகளை எழுதியது. 1982இல் வந்த கொமடோர் 64 என்னும் கணினிக்குரிய 1541ஆம் இலக்கச் செலுத்தியோ வேறொரு நுட்பம் கையாண்டது. வெளித்தடம் நீளமானது, உட்டடம் குறுகியது என்பதை உணர்ந்து, வெளித்தடங்களில் 21 துண்டங்களையும் உட்டடங்களில் 17 துண்டங்களையும் வைத்து, 35 தடங்களில் மொத்தம் 683 துண்டங்களை அடக்கியது. இம்மூன்றும் 5¼ அங்குல வட்டுகளே. ஒரே பெட்டியில் வாங்கிய மூன்று வட்டுகள் மூன்று கணினிகளிற் சென்று மூன்று மொழி பேசின என்க.

3½ அங்குல வட்டின் செய்தி இன்னும் சுவையானது. ஒரே வகையான வட்டிலே ஐ.பி.எம். வழிவந்த கணினிகள் தடமொன்றுக்கு 9 துண்டங்களாக 720 கிலோபைற்றுகளை எழுத, 1985இல் வந்த அமிகா 11 துண்டங்களாக 880 கிலோபைற்றுகளை எழுதியது. மிகுதி இடம் எங்கிருந்து வந்தது? ஐ.பி.எம். முறையில் ஒவ்வொரு துண்டத்தையும் தனித்தனியே திருத்தி எழுதுதற்பொருட்டுத் துண்டங்களிடையே வெற்றிடம் விடப்பட்டது. அமிகாவோ முழுத்தடத்தையும் ஒருசேர எழுதியமையால் அவ்வெற்றிடங்கள் வேண்டாதனவாயின.

இங்கே மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க ஒன்று உளது. ஐ.பி.எம். வழிக் கணினியில் வாசிக்கும் விதி ஒரு சில்லினுள்ளே அமைக்கப்பட்டிருந்தது. அது வேறு விதியைக் கற்கமாட்டாது. அமிகாவிலோ வட்டிலிருந்து வந்த பிற்றுகளைப் பொருள்கொள்ளும் வேலை பெரிதும் மென்பொருளினிடம் விடப்பட்டது. ஆதலின் அமிகா ஐ.பி.எம். முறையைக் கற்றுக்கொண்டது, 1992இல் அதன் இயக்கத்தொகுதியுடனேயே குறொஸ்டொஸ் என்னும் மென்பொருள் வழங்கப்பட்டு, ஐ.பி.எம். முறை வட்டுகளை வாசிக்கவும் எழுதவும் வகைசெய்தது. மறுதிசையில் இது நிகழவில்லை. கற்கும் ஆற்றலுடையது பிறன்மொழியையும் அறியும். முன்னரே இறுகிவிட்டது தன்மொழியோடு நின்றுவிடும்.

மூன்றாவது, அட்டவணை பற்றியது. எந்தக் கோப்பு எத்துண்டங்களில் உள்ளது என்னும் குறிப்பினை ஐ.பி.எம். வட்டு வெளியோரத்துத் தடத்தில் தொடங்கி வைத்தது. கொமடோர் வட்டோ நடுவேயுள்ள 18ஆம் தடத்தில் வைத்தது. துண்டங்களை வாசித்துவிட்டாலும், அட்டவணையை அறியாதவனுக்கு அவை கட்டவிழ்ந்து கலைந்த ஏடுகளே.

நான்காவது, எழுத்துக் குறியீடு பற்றியது. ஒரு வரி முடிந்ததெனக் காட்ட, சில கணினிகள் ஒரு குறியையும், சில வேறொரு குறியையும், ஐ.பி.எம். கணினிகள் இரண்டையும் சேர்த்தும் இட்டன. தமிழராகிய நமக்கு இவ்வேற்றுமை புதிதன்று. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பெருவழக்காயிருந்த பாமினி முதலிய எழுத்துருக்கள், உரோம எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற உரோம எழுத்துக் குவியலே தோன்றும். கோப்பு வந்து சேர்ந்தும் தமிழ் வந்து சேரவில்லை. 1991இல் வெளிவந்த யுனிக்கோடு நியமத்தில் தமிழுக்கெனத் தனியிடம் வகுக்கப்பட்டது. பழைய எழுத்துருக்களில் உள்ளனவற்றை அதற்கு மாற்றும் மென்பொருள்களும் இன்று உள.

மாற்றும் வழிகள்

முதல்வழி, வட்டினை விடுத்துக் கம்பியைப் பற்றுதல். ஒவ்வொரு கணினியும் தன் வட்டைத் தானே வாசிக்கட்டும். வாசித்ததை மற்றதற்குக் கம்பிவழியே சொல்லட்டும். 1960இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 என்னும் நியமப்படி அமைந்த தொடர் இணைப்பு இதற்கு உதவியது. ஒன்றன் பேசும் முனையை மற்றதன் கேட்கும் முனையோடு குறுக்காக இணைத்த கம்பியே போதுமானது. வட்டிலே பகைத்து நின்றவை கம்பியிலே உடன்பட்டன.

கம்பியில் இரைச்சல் புகுந்து செய்தி கெடுதலும் உண்டு. இதற்குப் பரிகாரமாக 1977இல் சிக்காகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்ரென்சன் என்பார் எக்ஸ்மோடெம் என்னும் முறையை ஆக்கினார். கோப்பு 128 பைற்றுகள் கொண்ட கட்டுகளாக வகுக்கப்படும். அனுப்புவோன் கட்டிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி, 256ஆல் வகுத்து, மீதியை உடனனுப்புவான். பெறுவோனும் அவ்வாறே கணித்து ஒத்துநோக்குவான்; ஒத்தால் அடுத்ததைக் கேட்பான், ஒவ்வாவிடில் அதனையே மீண்டும் கேட்பான். குறையும் ஒன்று உண்டு: இறுதிக்கட்டும் 128 ஆக நிரப்பப்படுதலின், 100 பைற்றுக் கோப்பு 128 பைற்றுகளாகச் சென்றடையும். 1981இல் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எழுந்த கேர்மிற் என்னும் முறை, மிக வேறுபட்ட கணினிகளையும் பேச வைத்தது.

வேகத்தையும் கணித்துப் பார்ப்போம். செக்கனுக்கு 9600 பிற்றுகள் செல்லும் இணைப்பில், பைற்றொன்றுக்குப் பத்துப் பிற்றுகள் வேண்டுதலின், செக்கனுக்கு 960 பைற்றுகள் செல்லும். 880 கிலோபைற்றுகள், அதாவது 901,120 பைற்றுகள், சென்றடைய ஏறத்தாழ 16 நிமிடங்கள் ஆகும். பொறுமையுடையார்க்கு இது பெரிதன்று.

இரண்டாம் வழி, அமிகாவைப் போலப் பிறிதொன்றன் விதியைக் கற்றல். இது சில கணினிகளுக்கே இயலும்.

மூன்றாம் வழி, பழைய கணினியே இல்லாதபோது கைக்கொள்ளத்தக்கது. கிரையோபிளக்ஸ், கிறீஸ்வீசல் என்னும் சிறு கருவிகளைத் தக்க செலுத்தியோடு இணைத்தால், அவை எவ்விதியையும் கருதாமல், காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் அளந்து பதிந்துகொள்ளும். பொருள்கோடல் பின்னர் மென்பொருளால் நிகழும். அறியாத மொழியிலமைந்த கல்வெட்டை முதலில் மைப்படி எடுத்து வைத்து, பின்னர் ஆறுதலாக ஆராய்வது போன்றது இது. இவ்வாறு ஒரு வட்டு முழுவதும் ஒரே கோப்பாகப் படியெடுக்கப்பட்டால் அது வட்டுப்படிமம் எனப்படும். கொமடோர் வட்டின் 683 துண்டங்களும் சேர்ந்து 174,848 பைற்றுகளேயுள்ள சிறு படிமமாகும். பழைய கணினியைப்போல் நடிக்கும் மென்பொருளில் அதனை இன்றும் இயக்கலாம்.

ஒரு சான்று

1985 யூலை 23ஆந் திகதி நியூயோர்க்கில் அமிகா அறிமுகஞ் செய்யப்பட்டபோது, புகழ்பெற்ற ஓவியர் அன்டி வார்ஹோல் மேடையில் அதனைக்கொண்டு பாடகி டெபி ஹரியின் உருவத்தைத் தீட்டினார். அவ்வாண்டில் அவர் அமிகாவில் வரைந்த வேறு படங்கள் நெகிழ்வட்டுகளிலே அடங்கி, பிற்ஸ்பேர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த நூதனசாலையைச் சேர்ந்தன. 1987இல் அவர் காலமானார். வட்டுகள் இருந்தன, ஆனால் படங்களைக் கண்டார் இலர். பின்னர் கலைஞர் கோரி ஆர்கேஞ்சலின் தூண்டுதலால், அதே நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் வட்டுகளைப் படியெடுத்தனர். அப்போதும் படங்கள் தோன்றவில்லை. அவை வழக்கொழிந்த ஓர் ஓவிய மென்பொருளின் முறையில் அமைந்திருந்தமையால் அம்முறையையும் ஆராய்ந்தறிய வேண்டியதாயிற்று. 2014 ஏப்பிரிலில் அப்படங்கள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவை அழியவில்லை. வாசிக்கப்படாமல் இருந்தன, அவ்வளவே.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

அவ்வட்டுகளை எவரேனும் வெறும் வட்டெனக் கருதியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? அந்நிய வட்டொன்றை இட்டால், ஐ.பி.எம். வழிக் கணினி “எனக்கு இம்மொழி தெரியாது” என்று கூறுவதில்லை. “இவ்வட்டு ஒழுங்குசெய்யப்படவில்லை, இப்போது ஒழுங்குசெய்யலாமா?” என்றே வினவும். ஆம் என்று ஒரு சொல் விடையளித்தால், தடங்கள் புதிதாக எழுதப்பட்டுப் பழையன யாவும் ஒழியும். அவ்வினாவுக்கு விடை எப்போதும் இல்லை என்பதே.

எழுத்துக்காப்பு இடுதல் அடுத்தது. 5¼ அங்குல வட்டின் ஓரத்து வெட்டினை மூடினாற் காப்பு. 3½ அங்குல வட்டின் துளையைத் திறந்தாற் காப்பு. ஒன்றற்கு மூடுதலும் மற்றதற்குத் திறத்தலும் என்பதை மாறிக் கொள்ளலாகாது. முதலில் வட்டு முழுவதையும் படிமமாக்குக. கோப்புகளைப் பிரித்தெடுத்தலும் எழுத்தை மாற்றுதலும் பின்னர், படிமத்தின்மேலேயே செய்க. படிமத்தை ஈரிடங்களில் வைக்க. வட்டின்மேல் ஒட்டிய தாளிலே கணினியின் பெயர் எழுதியிருப்பின் அதனைக் கிழித்தெறியற்க. அதுவே வாசிக்கும் விதியைக் காட்டும் முதற்சான்று.

பழைய மாணவர் பலருடைய அலுமாரிகளில் இத்தகைய வட்டுகள் உறங்குதல் கூடும். தந்தையின் கடிதங்களோ, ஒரு சங்கத்தின் கணக்குகளோ, அச்சேறாத கட்டுரையோ அவற்றில் இருக்கலாம். காந்தப் பதிவும் என்றும் நிலைப்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெலியும். கணினி கற்கும் இளைஞரிடம் அவற்றை ஒப்படைப்பது முதியோர் கடன். வாசிக்க முயல்வது இளையோர் கடன். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்த முன்னோர், எழுத்து மங்கியதென்று ஏட்டை எறிந்துவிடவில்லை. நாமும் பொறி அறியாததென்று வட்டை எறியாதிருப்போமாக.