இடதுகைத் தையல்

அன்புள்ள மகளுக்கு,

மாத்தளையில் நடந்த கைப்பணிக் கண்காட்சியில் உங்கள் ஒட்டுப் போர்வைக்குப் பரிசு கொடுக்காத மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. பரிசளிப்பு முடிவதற்குள்ளேயே போர்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் விறுவிறுவென்று போனதைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தோற்றவருக்குக் காரணம் சொல்லும் வழக்கம் எங்கள் போட்டிகளில் இல்லை. புள்ளித்தாள் கோப்புக்குள் போய்விடும், போர்வை வீட்டுக்குப் போய்விடும். அந்த வழக்கத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை. அதனால் எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பல பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஊசி பிடிக்கிறார்கள். ஆகவே உங்கள் பெயரைப் போடாமல், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போர்வை எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று வந்த மற்றப் போர்வைகளில் நட்சத்திரமும் வைரமும் வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தபடியே இறங்கியிருந்தன. நீங்கள் அப்பாவின் சாரம், அம்மாவின் சேலை, கார்மென்ட் வெட்டுத்துண்டு எல்லாவற்றையும் தேயிலை நிரை மலையைச் சுற்றிப் போகிற மாதிரி வளைத்து வளைத்துப் பொருத்தியிருந்தீர்கள். நடுவில் ஒரு சதுரம் கறுப்புக் கம்பளி. தோட்டத்துக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் மலையேறியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற நடுவர் அதைக் கறை என்று நினைத்தார். அது வேறு கதை.

ஆனால் முதல் பிழையும் அந்தக் கம்பளியில்தான். துவைத்தால் கம்பளி சுருங்கும், சுற்றியிருக்கும் பருத்தி அந்த அளவுக்குச் சுருங்காது. நடுச்சதுரம் கொப்பூழ் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். கம்பளியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கித் துவைத்து, காயவைத்து, அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த பிறகே கத்தரி வைக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே வைத்த இலவம் பஞ்சு. தலையணைக்கு அது நல்லது. போர்வைக்கு ஆகாது, ஏனென்றால் இலவத்தின் இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. நீங்களோ தையல் வரிகளுக்கு நடுவே ஒரு சாண் விட்டிருக்கிறீர்கள். இரண்டு துவையலில் பஞ்சு மூலைக்கு ஓடிக் கட்டி கட்டியாக நிற்கும். இலவம்தான் வேண்டுமென்றால் நாலு விரலுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். என்னைக் கேட்டால் பஞ்சே வேண்டாம், பழைய சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். வங்காளத்துக் காந்தாவில் அதைத்தான் செய்தார்கள். நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். கடைக்குப் போகிற செலவே இல்லை.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று புள்ளி குறைந்திருக்கும், அவ்வளவுதான். பரிசு போனது வேறொன்றால்.

போர்வையைத் திருப்பிப் போட்டேன். நடுவராக உட்கார்ந்த நாளிலிருந்து நான் செய்கிற முதல் வேலை அது. மேல்பக்கத்தில் ஓட்டுத் தையல் அங்குலத்துக்கு எட்டு, ஒரே சீராக ஓடுகிறது. இளம் கண், அவசரமில்லாத கை. நடுப்பகுதிக்கு வந்தால் தையல் அங்குலத்துக்கு ஐந்தாகிறது, நூல் இரட்டையாகிறது. சாக்குத் தைத்துப் பழகியவர்கள் இரட்டை நூலை விடமாட்டார்கள். அப்புறம் இடப்பக்கக் கீழ்மூலை. அங்கே ஓரப்பட்டியைப் பிடித்துத் தைத்த சிறு தையல்கள் மற்ற மூன்று மூலைகளுக்கும் எதிராகச் சாய்ந்திருந்தன. நூலின் தொடக்க முடிச்சும் எதிர்முனையில் கிடந்தது. வலதுகைக்காரி வலமிருந்து இடமாகத் தைப்பாள், இடதுகைக்காரி இடமிருந்து வலமாக. ஒரே ஆள் ஒரே ஓரத்தில் இரண்டு விதமாகவும் தைக்க மாட்டாள். ஆக, அந்தப் போர்வையில் குறைந்தது மூன்று பேர் இருந்தார்கள்.

"எல்லாம் நீங்களே தைத்ததா?" என்று கேட்டேன். "ஆமாங்க மிஸ், நானேதான்" என்றீர்கள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கம்பளிச் சதுரத்தைப் பார்த்தீர்கள்.

தனியாள் பிரிவு என்றால் ஒரு கை. அதுதான் விதி. ஒரு நடுவர் விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம் என்றார். மற்றவர் சின்னப் பிள்ளை, பேசாமல் விடுங்கள் என்றார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் புள்ளியைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டோம். என்ன குற்றம் என்று சொல்லாமலே தண்டனை கொடுத்தோம். நாங்கள் செய்ததும் சரியில்லை, நீங்கள் செய்ததும் சரியில்லை.

உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. உங்கள் வயதில் நானும் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டிக்கு வைத்தேன். அடுத்த வீட்டு அக்கா ஒருவர் அதில் பாதிக்கு மேல் தைத்திருந்தார். நாள் போதாது என்று இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். சான்றிதழ் என் பெயருக்கு வந்தது. அவருக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக் கொடுத்தேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என் வீட்டில் ஊசி எடுக்கவேயில்லை. கேட்டால் கண் தெரியவில்லை என்பார். அதே கண்ணால் திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

பல கைகள் செய்த வேலைக்கு ஒரு பெயர் மட்டும் நிற்பது நம்மூரில் புதிதல்ல. அலுவிகாரை மாத்தளைப் பட்டினத்திலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர்தான். எனா டி சில்வாவின் பட்டறை அங்கே இருக்கிறது. போகாதிருந்தால் அடுத்த சனிக்கிழமையே போய்வாருங்கள். 1922இல் பிறந்தவர், 2015இல் காலமானார். 1960களில் கொழும்பில் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் தன் மகனோடும் சேர்ந்து பத்திக் செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் சொந்த ஊருக்கே திரும்பி, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துப் பத்திக்கும் பூத்தையலும் நடத்தினார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பென்தோட்டை ஓட்டலின் பத்திக் கூரை அவருடையது. 1982இல் திறந்த ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் கொடிகளும் அவருடையவை. பத்திக் எப்படி நடக்கிறது என்று நின்று பாருங்கள். ஒருவர் கோடு வரைகிறார், ஒருவர் சூடான மெழுகை அந்தக் கோட்டுக்குள் நிறுத்துகிறார், ஒருவர் வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறம் வரை முக்கி எடுக்கிறார், ஒருவர் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுகிறார். மெழுகு கை நடுங்கினால் படம் போச்சு. கூரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எனா என்கிறார்கள், பாவா என்கிறார்கள். மெழுகு பிடித்தவளின் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனாவின் கண்ணும் துணிவும் இல்லாமல் அது நடந்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பெயர்கள் எனக்கு வேண்டும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேரையும் பாருங்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது, சுற்றித் தொங்கும் தொம்பைகளை அண்ணாந்து பார்த்தே நான் ஒட்டுத்தையல் படித்தேன். துணி மேல் துணி வைத்து விளிம்பு மடித்துத் தைக்கிற அந்த வேலைக்குத் தஞ்சாவூரும் கும்பகோணமும் பேர்போனவை. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நடுவே யாளி. கீழேயிருந்து பார்த்தால் ஒரு மடிப்புக்கூடத் தெரியாது. அந்தத் தொம்பையைத் தைத்தவர் யார் என்று தேரிழுக்கும் கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. சாமி காரியம் என்று விட்டுவிடலாம். போட்டிப் போர்வை சாமி காரியம் இல்லையே.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆனந்த குமாரசுவாமியின் பெயரை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சிங்களக் கலைகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1908இல் வந்தது. ஊர் ஊராகக் கூடவே போய், படம் பிடித்து, பூத்தையல்களைச் சேகரித்தவர் அவர் மனைவி எதெல். புத்தக ஆசிரியர் என்று கணவர் பெயர்தான். பிறகு இருவரும் பிரிந்தார்கள். எதெல் இங்கிலாந்தில் தறி போட்டார், தாவரச் சாயம் காய்ச்சினார், மறுமணத்துக்குப் பிறகு எதெல் மெய்ரே என்று அறியப்பட்டார். 1937இல் அங்கே தொழில்துறை வடிவமைப்பாளருக்கான அரச விருது வாங்கிய முதல் பெண் அவர். நம் மலைநாட்டு வீடுகளில் துணி பார்த்துப் பழகிய கண்.

துணி பார்க்க ஊர் சுற்ற வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தீர்கள். போங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் போர்வைக் கண்காட்சிக்குக் காசு சேர்க்குமுன், கண்டிப் பக்கம் ஹேனவல கிராமத்துக்குப் போய்த் தும்பராப் பாய் நெய்வதைப் பாருங்கள், பஸ் செலவோடு முடிந்துவிடும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக்குப் போக முடிந்தால் சித்தி மக்களின் கவந்தியைப் பாருங்கள். புத்தளத்தில் இருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினரைப் போல, அவர்களும் போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். நாம் துண்டுகளை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு பொத்தித் தைக்கிறோம். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, துண்டு வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். மூலைக்கு மூலை மடித்த துணியில் ஒரு பூ. பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு அம்மணம். போகிற இடத்தில் கைப்பேசியை முதலில் எடுக்காதீர்கள். ஊசி கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வரி தையுங்கள். பேச்சு தானாக வரும்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிற ஊர், நம் லயத்துக் கதைக்குத் தூரத்துச் சொந்தம். குளிருக்காக வேலைத்துணிகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் நூதனசாலைச் சுவருக்கு ஏறின. 2006இல் தபால் தலையிலும் வந்தன. மிசூரி பெட்வே என்பவர் செத்துப்போன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942இல் செய்த போர்வையும் சுவருக்கு ஏறியவற்றில் ஒன்று. போர்வையோடு தைத்தவளின் பெயரும் சுவரில் ஏறியது. அதனால்தான் இங்கே மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு அவர் பெயரை என்னால் எழுத முடிகிறது.

ஒரு நாள் நீங்களும் நடுவராக உட்காருவீர்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்: தோற்ற பிள்ளையைக் கூப்பிட்டு, போர்வையைத் திருப்பிப் போட்டு, எங்கே புள்ளி போனது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் போகும். நான் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் இப்போது இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

போர்வையைப் பிரிக்க வேண்டாம். கம்பளிச் சதுரத்தை மட்டும் கழற்றி, நனைத்துச் சுருக்கி மறுபடி வையுங்கள். பஞ்சுக்கு நடுவே இன்னும் நாலைந்து வரி ஓட்டுங்கள். பின்பக்கத்தில், வலது மூலையில், உள்ளங்கை அளவு வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்து, தைத்தவர்கள் பெயரையெல்லாம் நூலால் எழுதுங்கள். வயது வரிசையில் எழுதினால் சண்டை வராது. பிறகு ஒரு தடவை துவைத்துவிட்டு, அடுத்த வருடம் குழுப் பிரிவில் கொண்டுவாருங்கள். வரும்போது அந்த இடதுகைக்காரரையும் அழைத்து வாருங்கள். பஸ் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
மூன்று நடுவர்களில் ஒருத்தி
மாத்தளை