ஏடுகோவும் ஏடூகோவும்

பசுமலையில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. 1845இல் அமெரிக்க மிஷன் செமினரி திருமங்கலத்திலிருந்து இங்கே வந்தது முதலே இது படிப்புக்குப் பேர்போன இடம். ஆண்டுவிழா மேடைகளுக்கும் குறைவில்லை. யாராவது ஒருவர், "எஜுகேட் என்றால் லத்தீனில் உள்ளிருப்பதை வெளியே கொண்டுவருவது" என்பார். கைதட்டல் விழும். அடுத்து மைக் உங்கள் கைக்கு வருமானால்:

செய்ய வேண்டியவை

• லத்தீன் அகராதியில் வினையைத் தன்மை ஒருமையில் தேடுங்கள். நமக்கு 'வா', 'செய்' என்ற ஏவல்தான் பகுதி. அவர்களுக்கு 'வருகிறேன்', 'செய்கிறேன்'.

• குறில் நெடில் பாருங்கள். சூட்சுமம் முழுக்க இதில்தான். 'ஏடுகோ' என்றால் வளர்க்கிறேன். 'ஏடூகோ' என்றால் வெளியே கொண்டுவருகிறேன். ரோமன் எழுத்தில் நெடிலுக்கு மேற்கோடு போடாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழில் எழுதினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிரித்துவிடும். ரோமானிய அறிஞர் வார்ரோ நெடில் வினையை மருத்துவச்சிக்கும் குறில் வினையைச் செவிலித்தாய்க்கும் கொடுத்தார். மேடைக்காரர்கள் செவிலியை மறந்து மருத்துவச்சியைக் கூப்பிடுகிறார்கள்.

• எச்சத்தைப் பிடியுங்கள். ஏடுகோவின் எச்சம் 'ஏடுகாத்துஸ்', அதாவது வளர்க்கப்பட்ட. 'எஜுகேட்' வந்தது இதிலிருந்து. ஏடூகோவின் எச்சம் 'ஏடுக்துஸ்'. இதில் 'கேட்' எங்கே இருக்கிறது? அந்த வினை ஆங்கிலத்துக்குத் தந்தது 'எட்யூஸ்' என்ற, யாரும் அதிகம் புழங்காத சொல்லை.

செய்யக்கூடாதவை

• முன்னால் பேசியவரைப் பொய்யராக்காதீர்கள். இரண்டு வினைகளும் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள் என்பதே சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. பங்காளியானாலும் பட்டா வேறு.

• ஒலியை நம்பி உறவு கொண்டாடாதீர்கள். ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் பொருள் ஒன்று, ஓசையும் நெருக்கம், ஆனால் சொந்தமில்லை. ஆங்கிலத்தின் பழஞ்சொற்களில் முதலெழுத்து ஹகரமானால் லத்தீனில் ககரம் நிற்கும்: 'ஹார்ன்', 'கோர்னு', இரண்டும் கொம்பு. அந்தக் கணக்கில் ஹேவுக்கு உறவு 'கபேரே', பிடித்தல்.

• லத்தீன் நமக்கு அந்நியம் என்று ஒதுங்காதீர்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதியது லத்தீனில்தான்; 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

• இதையெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பரிசு வாங்கப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள்.