மனத்தில் முதலில் கட்டுக
(இளங்கலைத் தமிழிலக்கியம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

எங்கள் ஊராகிய திருநின்றவூரின் பெயரைச் சொன்னவுடன் சைவ இலக்கியம் பயின்றவர் நெஞ்சில் பூசலார் நாயனார் தோன்றுவார். கோயில் எழுப்பப் பொருள் தேடிக் கிடைக்காத நிலையில், அவர் மனத்திலேயே ஒரு கோயில் கட்டினார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். இவ்வரலாற்றில் பக்தியின் பெருமையைக் காண்பது நம் வழக்கம். அதில் வேறொரு பாடமும் உண்டு. கோயில் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு பூசலார் அமைந்துவிடவில்லை. வேண்டிய பொருள்களையும் தச்சர்களையும் மனத்தில் சேர்த்தார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். விமானம் எழுப்பிச் சிகரம் வைத்தார். சுதை வேலை முடித்தார். கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். அதன் பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். ஒரு வேலையை வரிசை பிறழாமல் மனத்தில் முழுமையாகச் செய்து பார்த்தல் என்பது இதுவே. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் கற்க வேண்டிய முதற் பாடமும் இதுவேயாகும்.

கணிப்பொறியியல் பயிலாத நம்மில் பலர் இன்று சொந்தமாக வலைப்பூ வைத்து எழுதுகிறோம். அதற்கு வேண்டிய சிறு கருவிகளை நாமே ஆக்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. சில கருவிகளை நாம்தாம் ஆக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

ஐந்தா, மூன்றா?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப்பள்ளி மாணவனும் சொல்வான். வலைப்பக்கங்களில் வழங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கேட்டால் ஐந்து என்று விடை தரும். இதற்குக் காரணம் உண்டு. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரப்படவில்லை. ‘மி’ என்பது மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகவும், ‘ழ்’ என்பது ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகவும் பதிவாகின்றன. அவற்றையே பொறி எண்ணுகிறது.

இது வெறும் வேடிக்கையன்று. ஒரு போட்டிக்கான இணையப் படிவத்தில் நூறு எழுத்துக்குள் எழுதுக என்றிருந்தது. எழுபது எழுத்தைத் தொடுமுன்னரே இனி இடமில்லை என்று அது என்னை நிறுத்திவிட்டது. பொறியின்மீது குற்றமில்லை. தமிழ் எழுத்து என்றால் என்ன என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

முன்னே நடந்தவர்கள்

இணையத்தில் தமிழ் வளர்ந்த கதையே, தேவை கண்டவர் தாமே கருவி செய்த கதைதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம், ‘மயிலை’ என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அவர் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை யாவரும் விலையின்றிப் படிக்க வழிசெய்தது. எழுத்துருக்கள் பல்கிப் பெருகி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாதிருந்த காலத்தில், சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றி பலருக்கும் கைகொடுத்தது. வலைப்பூக்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தபோது, அவற்றின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ‘தமிழ்மணம்’ தளத்தைக் காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கினார். ‘இது தமிழுக்கு இல்லையே’ என்று வருந்துவதோடு இவர்கள் நின்றுவிடவில்லை.

ஒரு சிறு கருவி

கட்டளைக் கலித்துறை பயிலும் நண்பர்களுக்காக என் வலைப்பூவில் ஓர் எழுத்தெண்ணி வைத்துள்ளேன். அவ்வகைப் பாவில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும், நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் எழுத்துகள் வர வேண்டும் அல்லவா? விரல்விட்டு எண்ணும் அந்த வேலையைப் பொறியிடம் ஒப்படைப்பதே நோக்கம்.

இதனை முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு பொத்தான், விடை தோன்ற ஓரிடம் ஆகிய மூன்றும் வேண்டும். விடைகள் இரண்டு: மொத்த எழுத்துகள், ஒற்று நீங்கிய எழுத்துகள். விதிகள் பின்வருமாறு:

1. உயிரெழுத்தோ, அகரமேறிய மெய்யோ வந்தால் இரு கணக்கிலும் ஒன்று கூட்டுக.
2. ஆய்தம் வந்தால் முதற் கணக்கில் மட்டும் ஒன்று கூட்டுக.
3. கால், கொம்பு முதலிய பதினோரு உயிர்க்குறிகளில் எது வந்தாலும் கூட்டாமல் விடுக.
4. புள்ளி வந்தால் முதற் கணக்கைத் தொடாமல், இரண்டாம் கணக்கில் ஒன்று குறைக்க.
5. இடைவெளியையும் நிறுத்தக் குறிகளையும் பொருட்படுத்த வேண்டா.

இவ்வளவுதான் கருவி. இவ்விதிகளில் கணிப்பொறியியல் எங்கே இருக்கிறது? எல்லாம் நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் கற்ற வகுப்பறையில் கிடைத்தவையே. இவற்றை நிரலாக மாற்றுவது இன்று பெரிய தடையன்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், விதிகளை எழுதிக் கொடுத்தால் நிரல் வரிகளைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ளன. எனக்கும் அவ்வாறே சில வரிகள் கிடைத்தன. பிளாகர் தளத்தின் தளவமைப்புப் பகுதியில், எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கென உள்ள பெட்டியில் அவற்றை ஒட்டினால் போதும். எல்லாத் தளங்களும் இதற்கு இடந்தருவதில்லை; வேர்டுபிரஸின் இலவசத் திட்டத்தில் இத்தகைய நிரல் இயங்காது.

சோதித்தல்

நிரல் பிறர் தந்ததாயினும் சோதனை நம்முடையதாக இருத்தல் வேண்டும். விடை தெரிந்த சொற்களைக் கொடுத்துப் பார்ப்பதே எளிய வழி. ‘திருநின்றவூர்’ என்று இட்டால், பொறியின் பதிவில் பதின்மூன்று குறிகள் இருந்தாலும், ஏழும் ஐந்தும் விடையாக வர வேண்டும். ‘எஃகு’ என்றால் மூன்றும் இரண்டும் வர வேண்டும். ‘பௌவம்’ என்பதற்கும் அதே விடைதான். நான்கு என்று வந்தால், தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் இட்டிருக்கிறார் என்று பொருள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டைக் கருவி பிரித்துக் காட்டிவிடுகிறது. பெட்டி வெறுமையாக இருந்தால் சுழியம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கருவியின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. தளை கெடும் இடத்தில் குற்றியலிகரம் ஒற்றுப்போல் கொள்ளப்படும் என்பதை என் கருவி அறியாது. அடி நேரில் தொடங்குகிறதா, நிரையில் தொடங்குகிறதா என்பதையும் பாடுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இதனைப் பெட்டியின் கீழேயே எழுதி வைத்துள்ளேன்.

சில எச்சரிக்கைகள்

தளத்தின் வார்ப்புருவைத் தொடுமுன் அதன் படி ஒன்றைச் சேமித்து வைக்க வேண்டும். யார் எழுதியது, என்ன செய்வது என்று விளங்காத நிரலைப் பக்கத்தில் ஒட்டுதல் கூடாது. முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு அது ஒப்பாகும். படிப்பவரின் பெயர், கைபேசி எண் போன்றவற்றைக் கேட்கும் கருவிகள் நம்மைப் போன்ற தொடக்கநிலையாளருக்கு உரியன அல்ல. எழுத்தெண்ணி எதையும் சேமிப்பதில்லை, எங்கும் அனுப்புவதுமில்லை. அத்தகைய கருவிகளோடு தொடங்குவதே அறிவுடைமை.

முடிவுரை

நிரல் வரிகளை இன்று பொறியே எழுதித் தருகிறது. ஆனால் எது எழுத்து, எது ஒற்று என்பதைச் சொல்லத் தமிழ் கற்றவர் வேண்டும். அதைப் போலவே, பழைய நாள்களைக் கணக்கிட வரலாறு கற்றவரும், மரக்கால், படி முதலிய பழைய அளவைகளை மாற்றிக் காட்டப் பொருளியல் கற்றவரும், ஊர்ப்பக்கச் செடிகொடிகளின் பெயரகராதி அமைக்கத் தாவரவியல் கற்றவரும் வேண்டும். நாம் வாளாவிருந்தால், நம் மொழியை அறியாதவர் செய்த கருவிகளே நமக்கு வந்து சேரும். அவை ‘தமிழ்’ என்பதை ஐந்தெழுத்தென்றே எண்ணிக்கொண்டிருக்கும். தோழர்களே, உங்கள் துறையில் நீங்கள் மீண்டும் மீண்டும் கையால் செய்யும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் படிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அத்தாள் நிறைவாக அமைந்துவிட்டால், கருவியில் பாதி முடிந்தது எனலாம்.