பழைய ஓர்கனைசரை வீட்டில் இணைக்க எந்த வயர்லெஸ் அடப்டர்?

இன்று எமது வியாபாரிகளில் அநேகருக்குக் கையடக்கத் தொலைபேசியே டயறி, அதுவே விலாசப் புத்தகம், அதுவே கடன் கொப்பி. 2000ஆம் ஆண்டுகளில் அந்த வேலையைச் செய்தவை பாம், பொக்கட் பீசீ என்ற பெயர்களில் வந்த கையடக்க ஓர்கனைசர்கள். இறக்குமதி செய்பவரும், மொத்த வியாபாரியும், கமிஷனுக்கு ஓர்டர் எடுப்பவரும் அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இப்போது அவற்றுட் பல மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. யாரிடம் எவ்வளவு நிலுவை, எந்தக் கம்பனியின் பழைய விலை என்ன என்ற விபரங்களும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. அவற்றை வீட்டுக் கணனிக்குக் கொண்டுவர ஒரு வயர்லெஸ் அடப்டர் வாங்கினால் போதும் என்று எண்ணி யூனிட்டி பிளாஸாவுக்குப் புறப்படுமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

முதலில், உங்கள் கருவிக்குள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். 2003இல் வந்த பாம் டங்ஸ்டன் ஈ, டங்ஸ்டன் டீ3 போன்றவற்றின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் தரவுகளை வைத்திருக்கும். பற்றரி முற்றாக இறங்கினால் உள்ளே இருந்தவை எல்லாம் அழிந்துவிடும். பொக்கட் பீசீ வகைகளிலும் 2005இல் விண்டோஸ் மொபைல் 5.0 வரும்வரை இதே கதைதான். பாமில் 2004இன் டங்ஸ்டன் டீ5, 2005இன் டங்ஸ்டன் ஈ2, டீஎக்ஸ் ஆகியவை மின்சாரம் போனாலும் தரவுகளை இழக்காதவை. ஆகவே பழைய வகைக் கருவி ஒன்று வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் எந்த அடப்டரும் அதற்குள்ளிருந்து எதையும் மீட்டுத் தராது. அந்நிலையில் நீங்கள் தேட வேண்டியது அக்காலத்தில் அதனோடு இணைத்திருந்த பழைய கணனியை. ஹொட்சிங்க் செய்த ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி அந்தக் கணனியிலும் பதிவாகியிருக்கும். பாம் டெஸ்க்டொப் மென்பொருளுக்குரிய கோப்புறையில் உங்கள் பெயரில் அது இருக்கக்கூடும். கணனி திறந்தால் அடப்டரே தேவைப்படாது.

கருவி உயிரோடு இருந்தால் அடுத்த கேள்வி, அதை எதற்காக இணைக்கப் போகிறீர்கள் என்பது. கடைக்காரர் இதைக் கேட்பதில்லை. அவர் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்.

ஆயிரம் வாடிக்கையாளர்களின் பெயர், இலக்கம், நிலுவை எல்லாம் சேர்ந்தாலும் வெறும் எழுத்தாக ஒரு மெகாபைட்டை எட்டுவது அரிது. அதை அனுப்புவதற்கு நொடிக்கு 11 மெகாபிட் வேண்டுமா, 54 மெகாபிட் வேண்டுமா என்று கணக்குப் பார்ப்பது, ஒரு மூடை சீனி ஏற்றுவதற்குக் கொள்கலன் லொறி பேசுவதைப் போன்றது. நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாக அனுப்பும் பழைய புளூடூத்தே இதற்குத் தாராளம். இணையம் பார்க்கவும் மின்னஞ்சல் எடுக்கவும்தான் வைபை தேவை. அந்த வேலைக்கு இப்பழைய கருவிகள் இனி உதவா. அவற்றின் உலாவிகள் இன்றைய பாதுகாப்பான இணையத்தளங்களைத் திறக்க மாட்டா. ஆகவே எமது தேவைக்குப் புளூடூத்தே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

டங்ஸ்டன் டீ (2002), டீ3, டீ5, ஈ2, டீஎக்ஸ் ஆகியவற்றில் புளூடூத் உள்ளேயே இருக்கிறது. இவற்றுக்கு ஓர்கனைசர் பக்கத்தில் எதுவும் வாங்கத் தேவையில்லை. கணனியில் புளூடூத் இல்லையென்றால் மட்டும் ஒரு சிறிய யூஎஸ்பி டொங்கிள் போதும். அதை வாங்கும்போது இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, உங்கள் கணனியின் விண்டோஸுக்கு ஏற்ற டிரைவர் மென்பொருள் அதற்கு உண்டா என்பது. மற்றது, அது பழைய முறைப் புளூடூத்தையும் பேசுமா என்பது. 2010இல் வந்த 4.0 முதல் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய முறை ஒன்று சேர்ந்துள்ளது. பெரும்பாலான டொங்கிள்கள் இரண்டையும் பேசும். பழைய கருவிக்குப் பழைய முறைதான் விளங்கும். நூறு மீற்றர் போகும் முதலாம் வகுப்பு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். இணைப்பின் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பலம் குறைந்த பக்கம்தான், இங்கே அது ஓர்கனைசர். மேசைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலைக்கு இரண்டாம் வகுப்பின் பத்து மீற்றரே அதிகம்.

புளூடூத்தில் இன்னுமொரு நன்மை உண்டு. 64 பிட் விண்டோஸுக்கு யூஎஸ்பி டிரைவரை பாம் நிறுவனம் வெளியிடவில்லை. அதனால் விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் கேபிளைச் செருகிப் பார்த்துத் தோற்றுப் போனவர்கள் பலர். அதே கணனிகளில் புளூடூத் வழியாக ஹொட்சிங்க் செய்ய முடிந்தது. கணனியே வேண்டாம், பெயர்களும் இலக்கங்களும் மட்டும் போதும் என்பவர்கள் ஓர்கனைசரிலிருந்து புளூடூத் மூலம் நேரடியாகத் தமது கையடக்கத் தொலைபேசிக்கே அனுப்பிப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

டங்ஸ்டன் ஈ வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதில் புளூடூத்தும் இல்லை, வைபையும் இல்லை. பாம் நிறுவனம் 2004இல் வெளியிட்ட வைபை கார்டும் இதை ஆதரிக்கவில்லை. கார்ட் துளைக்குள் அழகாகப் போய் உட்காரும், வேலை செய்யாது. இவர்கள் யூஎஸ்பி கேபிளையும் பழைய எக்ஸ்பீ கணனி ஒன்றையும் தேடிக்கொள்வதே உத்தமம்.

துளையைப் பார்த்து அடப்டர் வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். எஸ்டி துளை இருந்தால் எஸ்டி வடிவ வைபை கார்ட் வேலை செய்யும் என்று பொருளல்ல. நினைவகக் கார்டை மட்டும் ஏற்கும் துளை வேறு, பிற கருவிகளையும் ஏற்கும் எஸ்டிஐஓ துளை வேறு. துளை சரியாக இருந்தாலும், பொக்கட் பீசீக்கென எழுதப்பட்ட டிரைவர் பாமில் ஓடாது. 2002இன் டெல் எக்ஸிம் எக்ஸ்5 போன்றவற்றில் எஸ்டி துளையோடு கொம்பக்ட் பிளாஷ் துளையும் இருந்ததால் தெரிவு சற்று அதிகம். அங்கும் டிரைவர் குறுந்தட்டு இல்லாமல் பாவித்த கார்டை வாங்க வேண்டாம். விற்பவரிடம், "எனது மொடலில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் கார்டை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வைபைதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அக்காலக் கார்டுகள் பல 802.11பி முறையில், டபிள்யூ.ஈ.பி. என்ற பூட்டோடு மட்டும் இயங்கியவை. அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001இலேயே ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 என்று வலுவான பூட்டுகள் வந்தன. உங்கள் வீட்டு ரவுட்டரில் இன்று இருப்பது இந்தப் புதிய பூட்டு. பழைய கார்ட் இணையவில்லை என்றதும், "ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது ஆலோசனை சொல்லக்கூடும். ஓர்கனைசரும் இணைந்துவிடும். ஆனால் அதே ரவுட்டரில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கிறீர்கள், சப்ளையருக்குப் பணம் அனுப்புகிறீர்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். பழைய நிலுவைப் பட்டியல் ஒன்றுக்காக இவ்வளவையும் திறந்து வைப்பது கடையின் பின்கதவைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதற்குச் சமம். கட்டாயம் செய்துதான் ஆக வேண்டுமென்றால், ஒதுக்கி வைத்த பழைய ரவுட்டர் ஒன்றை இணையத்தோடு தொடுக்காமல், ஓர்கனைசரையும் ஒரு கணனியையும் மட்டும் அதில் இணைத்து வேலையை முடித்து அணைத்துவிடலாம். பாம் டீஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது டபிள்யூ.பி.ஏ. பூட்டையும் அறியும்.

தரவு கணனிக்கு வந்ததும் பாம் டெஸ்க்டொப்பிலிருந்து சீஎஸ்வீ வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அது எக்ஸெலில் திறக்கும். ஒரு பிரதியை வேறொரு பென் டிரைவிலும் வைத்து, இரண்டையும் திறந்து, தெரிந்த பத்து வாடிக்கையாளர்களின் தொகையைப் பழைய கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பின்னர்தான் ஓர்கனைசரைப் பிறருக்குக் கொடுப்பதோ விற்பதோ. கொடுக்குமுன் நினைவகக் கார்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கருவியை ஹார்ட் ரீசெட் செய்துவிடுங்கள். வாடிக்கையாளர்கள் உங்களை நம்பித் தந்த இலக்கங்கள் அதற்குள் இருக்கின்றன.