பாதிப் பேச்சில் அறுந்துபோகும் வை-ஃபை

கேள்வி: எனக்கு வயது 67. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தினமும் இரவு எட்டு மணிக்கு மேசைக் கணினியில் வீடியோவில் பேசுவேன். ஒரு மாதமாகப் பேச்சின் நடுவே இணைப்பு அறுந்துபோகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. செல்போனில் தொல்லை இல்லை. பேரன் படங்களைச் சேர்த்துவைக்கப் போன மாதம் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டினேன். அதைத் தவிர எதையும் மாற்றவில்லை. யாராவது கணினிக்குள் புகுந்திருப்பார்களோ, வங்கிக் கணக்குக்கு ஆபத்தோ என்று தூக்கம் வரவில்லை. கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்.
– எஸ்.ஆர்., மன்னார்குடி

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் திருட்டுக்கு உரியவை அல்ல. உங்கள் வை-ஃபையை யாராவது ஓசியில் பயன்படுத்தினால் எல்லாக் கருவிகளிலும் வேகம் குறையும். ஒரு கணினியில் மட்டும் பட்டென்று அறுந்து, தானே ஒட்டிக்கொள்ளாது. கணினிக்குள் புகுந்து வங்கிக் கணக்கைக் குறிவைப்பவனும் இணைப்பை அறுக்க மாட்டான். அவனுக்கும் அந்த இணைப்பு வேண்டுமே! புதுக் கணினி வாங்கும் பேச்சைத் தள்ளிவையுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வை-ஃபை போனவுடன் சத்தம் போடாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும் வழக்கம் செல்போனுக்கு உண்டு. நாம் வை-ஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். இன்றிரவு மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கணினியில் அறுந்த நேரத்தில் போனிலும் அறுந்தால், கோளாறு ரவுட்டரிலோ (இணையத்தை வீட்டுக்குள் பங்கிட்டுத் தரும் பெட்டி) வெளியிலிருந்து வரும் கேபிளிலோ இருக்கிறது. கண்ணாடியிழைக் கேபிள் என்றால் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

போனில் அறுபடவில்லை என்றால், என் சந்தேகமெல்லாம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஹார்ட் டிஸ்க் மீதுதான்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சாதாரண வை-ஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு 240 கோடி அதிர்வுகள்) அலைவரிசையில் பேசுகிறது. இன்றைய ஹார்ட் டிஸ்குகளில் பெரும்பாலானவை யு.எஸ்.பி. 3 வகை. அந்த வகை வயரில் தகவல் ஓடும் வேகத்தில் ரேடியோ இரைச்சல் கசிகிறது, 2.4 ஜிகாஹெர்ட்ஸும் அந்த இரைச்சலில் மாட்டிக்கொள்கிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. மேசைக் கணினிகள் பலவற்றில் வை-ஃபையைப் பிடிப்பது டாங்கிள் எனப்படும் கட்டைவிரல் அளவுக் குச்சிதான். அது பெட்டியின் பின்புறம், ஹார்ட் டிஸ்க் வயருக்கு இரண்டு விரற்கடை தள்ளி, இரும்புத் தகட்டின் மறைவில் செருகியிருக்கும். நாதஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பந்தியின் கடைசியில் இருப்பவர் கேட்பதைக் காதில் வாங்குவதுபோல்தான் அதன் பாடு.

ஆகவே இன்று எட்டு மணிக்கு முன் ஹார்ட் டிஸ்கை முறைப்படி கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். அறுபடவில்லையா? காரணம் கிடைத்துவிட்டது. ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளைப் பின்புறத்திலிருந்து மேசைமேல் கொண்டுவந்துவிடுங்கள். அதுவரை ஹார்ட் டிஸ்கை, நீல நிறத் துளைக்குப் பதில் கறுப்புத் துளையில் செருகலாம். அது பெரும்பாலும் பழைய யு.எஸ்.பி. 2. படங்கள் மெதுவாக ஏறும், இரைச்சல் இருக்காது.

அப்போதும் அறுந்தால் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தெருவே வீட்டில் இருக்கும். 2.4 அலைவரிசையில் நம் நாட்டில் 13 தடங்கள் உண்டு என்றாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 என மூன்றுதான். பத்து வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. பக்கத்திலேயே மைக்ரோவேவ் அடுப்பில் சாம்பாரைச் சுடவைத்தால், அதுவும் இதே 2.4-ஐ ஒட்டித்தான் இயங்குகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தக் கூட்டம் குறைவு, ஆனால் சுவர்களைத் தாண்டும் வலுவும் குறைவு. விலை மலிவான டாங்கிள்கள் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. வாங்கும்போது இரண்டும் பிடிக்குமா என்று கேளுங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று அதை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். மூன்று நாள் நானே தலையைப் பிய்த்துக்கொண்டேன். இரும்பும் ஆளுயரக் கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் வை-ஃபைக்கு ஆகாது. நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமாக, வெளியே தெரியும்படி வையுங்கள்.

விண்டோஸ் கணினியில் இன்னொரு சின்ன வேலை. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் வை-ஃபையின் பெயர், பவர் மேனேஜ்மென்ட் என்று வரிசையாகப் போங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மனம் இன்னும் கேட்கவில்லை என்றால் வை-ஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். ஊர்ப்பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால், ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும். அடுத்த வீட்டு ரவுட்டர் அதை ஒன்றும் செய்ய முடியாது. நகராத மேசைக் கணினிக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான். கூடத்தின் நடுவே வயர் ஓடுவதை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் கடைசியில் சொல்கிறேன்.

மறுபடி எழுத நேர்ந்தால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து மாடல் எண்ணைக் குறித்து அனுப்புங்கள். அதே தாளில் கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். அதை மட்டும் எனக்குக்கூட எழுதிவிடாதீர்கள்.